போர் நடந்தா கொலைக்கு விசாரணை கிடையாதா? ஜெனரலைச் சுட்ட ஜெனரல்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. விஷயமே பின்பாதியிலதான் இருக்கு.

"போர்னு வந்துட்டா சட்டம் பேசாதீங்க. அதிகாரி மேல விசாரணை வெச்சா படையோட மனோபலம் போயிடும்." இந்த வசனத்தை கமெண்ட்ல எத்தனை தடவை பார்த்திருப்போம்! எழுதுறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல. பாதிப் பேர் நிஜமாவே அப்படி நம்புறாங்க. அந்த அண்ணன்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நம்ம ஊர் உதாரணம் சொன்னா, அடுத்த நிமிஷமே "நீ எந்தக் கட்சி, அவன் எந்தச் சாதி"ன்னு பேச்சு வேற பக்கம் போயிடும். அதனால நமக்கு மாமன் மச்சான் யாரும் இல்லாத ஒரு இடத்துக்குப் போவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர். 1862.

முதல்லயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். அந்தப் போர்ல தென் மாநிலங்களோட தலைவர் பேர் ஜெஃபர்சன் டேவிஸ். நாம பேசப் போறது அவரைப் பத்தி இல்ல. வடக்குப் படையிலயும் ஒரு டேவிஸ் இருந்தார்: பிரிகேடியர் ஜெனரல் ஜெஃபர்சன் சி. டேவிஸ். இண்டியானா மாநிலத்துக்காரர். போரோட முதல் குண்டு வெடிச்ச சம்டர் கோட்டைக்குள்ளேயே இருந்த ஆள். பீ ரிட்ஜ் சண்டையில ஒரு டிவிஷனை நடத்தினவர். கோழை இல்ல, கத்துக்குட்டியும் இல்ல. இதை முன்னாடியே சொல்லிடுறேன்.

இன்னொருத்தர் மேஜர் ஜெனரல் வில்லியம் நெல்சன். கென்டக்கிக்காரர், கடற்படையில இருந்து வந்தவர். ஆறடிக்கு மேல உயரம், 300 பவுண்டுக்குப் பக்கத்துல எடை. பட்டப்பேரே 'புல்', அதாவது காளை. வாயைத் திறந்தா வசவுதான். ஆனா கென்டக்கி எந்தப் பக்கம் சாயும்னு நாடே பார்த்துட்டிருந்தப்போ, அங்கே வடக்குக்காகப் படைமுகாம் அமைச்சவர் இவர்தான். 1862 ஏப்ரல்ல ஷைலோ சண்டையோட முதல் நாள் சாயங்காலம், தோல்வி வாசல்ல நின்ன கிராண்டோட படைக்கு உதவியா முதல்ல வந்து சேர்ந்ததும் இவரோட டிவிஷன்தான்.

செப்டம்பர் 1862. தென்படை கென்டக்கிக்குள்ள புகுந்து லூயிவில் நகரத்தை மிரட்டிட்டு இருக்கு. நகரத்தைக் காப்பாத்துற பொறுப்பு நெல்சன்கிட்ட. உடம்பு சரியில்லாம லீவுல இருந்த டேவிஸ், "நானும் வர்றேன்"னு தானா வந்து நின்னார். நகரவாசிகளைத் திரட்டி ஆயுதம் கொடுக்குற வேலை அவர்கிட்ட கொடுக்கப்பட்டது. ரெண்டு நாள் கழிச்சு நெல்சன் கூப்பிட்டு, எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க, எத்தனை துப்பாக்கி வேணும்னு கேட்டார். டேவிஸ் தோராயமா ஒரு கணக்கு சொன்னார். "தோராயமா" என்ற அந்தச் சொல்தான் வினை. ராணுவ அதிகாரிக்குச் சரியான எண்ணிக்கை தெரியாதான்னு எல்லார் முன்னாடியும் நெல்சன் கத்தினார். "மரியாதையா பேசுங்க"ன்னு டேவிஸ் திருப்பிச் சொன்னார். நெல்சன் அவரை வேலையை விட்டு விலக்கி ஊரை விட்டே அனுப்பிட்டார்.

கொஞ்ச நாள்ல ஜெனரல் பியூவெல் தன் படையோட லூயிவில் வந்து சேர்ந்தார். பொறுப்பு நெல்சன் கையை விட்டுப் போச்சு. சின்சினாட்டியில இருந்த ஜெனரல் ரைட், டேவிஸை மறுபடி லூயிவில்லுக்கே அனுப்பினார்.

செப்டம்பர் 29 காலை. கால்ட் ஹவுஸ் ஹோட்டல். வரவேற்புக் கூடத்துல நெல்சன் நிக்கிறார். டேவிஸ் உள்ள வர்றார். கூடவே யாரு? இண்டியானாவோட கவர்னர் ஆலிவர் மார்ட்டன். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

"நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்"ங்கிறார் டேவிஸ். "போடா நாய்க்குட்டி"ங்கிற மாதிரி பதில் வருது. டேவிஸ் கையில கசக்கி வெச்சிருந்த அட்டையை நெல்சன் மூஞ்சியில எறியறார். நெல்சன் புறங்கையால ஓங்கி அறையறார். அறைஞ்சுட்டு, கவர்னர்கிட்டயும் ரெண்டு வார்த்தை சூடா பேசிட்டு, அந்த இடத்தை விட்டு நடந்து போயிடுறார்.

இங்கே நிறுத்துங்க. இந்த நொடி வரைக்கும் இது ரெண்டு பெரிய மனுஷங்களோட அசிங்கமான சண்டை, அவ்ளோதான். அடிச்சது நெல்சன். அவமானப்பட்டது டேவிஸ். நாம கூட டேவிஸ் பக்கம் நின்னிருப்போம்.

அடுத்து நடந்ததுதான் கேஸ். டேவிஸ் பக்கத்துல இருந்தவங்ககிட்ட துப்பாக்கி கேட்டார். நண்பரான ஒரு வக்கீல் எடுத்துக் கொடுத்தார். (வக்கீல்! சட்டம் படிச்சவர்!) துப்பாக்கியோட நெல்சனைத் தேடிப் போய், சில அடி தூரத்துல நின்னு நெஞ்சுல சுட்டார். நெல்சன் கையில ஆயுதம் இல்ல. குண்டோட மாடிப்படி ஏறி, மேலே போய் விழுந்தார். ஒரு மணி நேரத்துக்குள்ள உயிர் போயிடுச்சு.

பட்டப்பகல். நகரத்தோட முக்கியமான ஹோட்டல். சுத்தி சாட்சிகள். செத்தவர் மேஜர் ஜெனரல், சுட்டவர் அவருக்குக் கீழ்நிலை அதிகாரி. பியூவெலோட தலைமை அலுவலர் ஃப்ரை அங்கேயே டேவிஸைக் கைது பண்ணினார். இதைவிடச் சுலபமான கேஸ் எந்த ஊர்ல கிடைக்கும்?

ஆனா கோர்ட் மார்ஷல் நடக்கல. அன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல.

பியூவெல் வாஷிங்டனுக்குத் தந்தி அடிச்சார். படை கிளம்பிட்டு இருக்கு, விசாரணைக்கு உட்கார வைக்க என்னால அதிகாரிகளை விட முடியாது, அங்கிருந்தே ஏற்பாடு பண்ணினா நல்லதுன்னு. ரெண்டே நாள்ல படை லூயிவில்லை விட்டுப் புறப்பட்டது. அக்டோபர் 8-ஆம் தேதி பெர்ரிவில்ல பெரிய சண்டை. ஆயிரக்கணக்கான பேர் விழுந்தாங்க. வாஷிங்டன் எதுவும் ஏற்பாடு பண்ணல. யாரும் குற்றச்சாட்டைக் காகிதத்துல எழுதல. அக்டோபர் 13 வாக்குல, குற்றச்சாட்டு இல்லாம ஒருத்தரைக் காவல்ல வெச்சிருக்க முடியாதுன்னு சொல்லி ஜெனரல் ரைட் அவரை விட்டுட்டார்.

"பார்த்தீங்களா, எதிரி வாசல்ல நிக்கும்போது விசாரணைக்கு எங்கே நேரம்?" இதுதான் அண்ணன்களோட முதல் வாதமா இருக்கும். நியாயமான வாதம் மாதிரியே தெரியும். அந்தப் பத்து நாளைக்கு நானும் ஒத்துக்கிறேன். பெர்ரிவில் முடியிற வரைக்கும் நேரம் இல்ல. சரி. அதுக்கப்புறம்?

அந்தக் கைதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 1862 ஜூலை 17-ல, அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது. கைதான அதிகாரிக்கு 8 நாளுக்குள்ள குற்றச்சாட்டு நகல் கொடுக்கணும், இல்லேன்னா காவல் முடிஞ்சது. இந்த வரியைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. அதே பிரிவுல அடுத்த வரி என்ன தெரியுமா? இப்படி விடுவிக்கப்பட்ட அதிகாரியை, படைக்கு வசதிப்படும்போது, 12 மாசத்துக்குள்ள எப்போ வேணும்னாலும் விசாரிக்கலாம். போர்ல நேரம் கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் அந்த ஒரு வருஷத்தைக் கொடுத்தாங்க. 1863 அக்டோபர் வரைக்கும் கதவு திறந்தே கிடந்தது. யாரும் உள்ள போகல.

அந்த 12 மாசத்துல ராணுவத்துக்கு விசாரணை நடத்த ஆளே இல்லையா? இருந்தாங்களே! 1862 நவம்பர் கடைசியில இருந்து 1863 ஜனவரி வரைக்கும் வாஷிங்டன்ல ஒன்பது அதிகாரிகள் உட்கார்ந்து மேஜர் ஜெனரல் ஃபிட்ஸ் ஜான் போர்ட்டரை கோர்ட் மார்ஷல் பண்ணினாங்க. அவர் யாரையும் சுடல. இரண்டாம் புல் ரன் சண்டையில உத்தரவுப்படி தாக்கலைன்னு குற்றச்சாட்டு. பதவியைப் பறிச்சு வீட்டுக்கு அனுப்பினாங்க. பல வருஷம் கழிச்சு மறுவிசாரணையில அவர் மேல தப்பு இல்லைன்னு ஆனது தனிக்கதை.

அதைவிடக் கூத்து ஒண்ணு இருக்கு. "அதிகாரிகளை விட முடியாது"ன்னு தந்தி அடிச்சாரே பியூவெல், அவரையே விசாரிக்க ஒரு ராணுவக் கமிஷன் போட்டாங்க. ஏன் மெதுவா போனார், ஏன் எதிரியைத் துரத்தலைன்னு கேட்க. அஞ்சு அதிகாரிகள், 1862 நவம்பர்ல இருந்து 1863 மே வரைக்கும். அஞ்சு மாசத்துக்கு மேல! மெதுவா நடந்ததை விசாரிக்க அஞ்சு பேர் கிடைச்சாங்க. அதே படையில, அதே மாசத்துல, மேலதிகாரியைச் சுட்டுக் கொன்னதை விசாரிக்க ஒருத்தரும் கிடைக்கல. நேரம் இல்லாம இல்ல அண்ணே. மனசு இல்ல.

மனசு ஏன் இல்ல? இப்போ அந்த கவர்னரை ஞாபகப்படுத்திக்குங்க. மார்ட்டன் போருக்கு ஆள் திரட்டித் தர்றதுல லிங்கனுக்கு வலது கை மாதிரி. இண்டியானா வீரர்களுக்கு நெல்சனைக் கண்டாலே ஆகாது. அந்த அக்டோபர்ல இண்டியானாவுல தேர்தல் வேற. மார்ட்டன் ஒரு விரலை அசைச்சு இதைத் தடுத்தார்னு நான் சொல்லல. விரலை அசைக்க வேண்டிய தேவையே இல்ல. கவர்னரோட கூடவே நடந்து வந்து சுட்ட ஒருத்தர் மேல குற்றச்சாட்டை முதல்ல எழுதப் போறது யாருன்னு எல்லாரும் பக்கத்து மேஜையைப் பார்த்தாங்க. அரசாங்க ஆபீஸ்ல ஃபைல் எப்படி தூங்கும்னு நமக்குத் தெரியாதா!

சிவில் கோர்ட் கொஞ்சம் அசைஞ்சது. அக்டோபர் 27-ல லூயிவில்ல கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது. கொலைன்னு இல்ல, 'மேன்ஸ்லாட்டர்', அதாவது திட்டமிடாத மரணம். ஜாமீன் 5,000 டாலர். டேவிஸுக்கு வக்கீல் ஜேம்ஸ் ஸ்பீட், பின்னாடி லிங்கனோட அட்டர்னி ஜெனரலா ஆனவர். வாய்தா மேல வாய்தா. 1864 மே மாசம் பட்டியல்ல இருந்தே அடிச்சுட்டாங்க. வேணும்னா மறுபடி எடுத்துக்கலாம்னு ஒரு குறிப்போட. யாரும் எடுக்கல.

இப்போ ரெண்டாவது வாதம் வரும். "நெல்சன் திட்டினான், அறைஞ்சான். மானம் போன மனுஷன் வேற என்ன பண்ணுவான்?" இருக்கலாம். கோபத்துல பண்ணினாரா, யோசிச்சுப் பண்ணினாரா, அறைக்கும் குண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம், துப்பாக்கி கேட்கும்போது என்ன சொன்னார்? இதையெல்லாம் கேட்டுத் தீர்மானிக்கத்தானே கோர்ட் மார்ஷல்னு ஒண்ணு இருக்கு! விசாரிச்சு, நெல்சனோட தப்பையும் பதிவு பண்ணி, டேவிஸை விடுதலையே பண்ணியிருக்கட்டும். ஏத்துக்கலாம். விசாரணைன்னா தூக்குன்னு அர்த்தம் இல்ல. ஆனா விசாரணையே வேண்டாம்னு சொல்றவங்களுக்கு உள்ளுக்குள்ள தீர்ப்பு தெரியும்.

தென்படை மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அங்கேயும் இதே லட்சணம்தான். 1863 செப்டம்பர் 6-ல லிட்டில் ராக் பக்கத்துல ஜெனரல் மார்மடூக்கும் ஜெனரல் வாக்கரும் ரிவால்வர் வெச்சு டூயல் போட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே படை. வாக்கர் மறுநாள் செத்தார். மார்மடூக்கைக் கைது பண்ணி, "எதிரி வந்துட்டான்"னு விட்டுட்டாங்க. நாலு நாள்ல ஊரே கைவிட்டுப் போச்சு. 1885-ல மார்மடூக் மிசூரி மாநில கவர்னர்! 1865 ஏப்ரல்ல ஹூஸ்டன் நகரத்து ஹோட்டல் ஒண்ணுல கர்னல் பேலர், ஆயுதமில்லாத ஜெனரல் வார்ட்டனைச் சுட்டுக் கொன்னார். 1868-ல விடுதலை.

"சரி விடுப்பா, அந்தக் காலத்து ராணுவமே அப்படித்தான்"ன்னு தோணுதா? இல்ல. அதே வடக்கு ராணுவம் அந்தப் போர்ல தன்னோட வீரர்கள் 267 பேருக்கு மரண தண்டனை நிறைவேத்தினதா அரசாங்கப் பட்டியலே சொல்லுது. பாதிக்கும் மேல படையை விட்டு ஓடினவங்க. அந்த 267 பேருக்கும் நேரம் கிடைச்சது.

அதுல ஒருத்தரை மட்டும் சொல்றேன். சார்ஜென்ட் வில்லியம் வாக்கர். மேலே சொன்ன வாக்கர் இல்ல. கருப்பினத்தவர். தென் கரோலினாவுல அமைஞ்ச கருப்பினப் படைப்பிரிவு. சேரும்போது வெள்ளைக்காரனுக்குச் சமமா 13 டாலர் சம்பளம்னு சொன்னாங்க. கொடுத்தது 10 டாலர், அதுலயும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். கைக்கு வந்தது 7. 1863 நவம்பர்ல வாக்கர் தன் கம்பெனி வீரர்களைக் கூட்டிட்டுப் போய் கர்னலோட கூடாரத்துக்கு முன்னாடி துப்பாக்கிகளை அடுக்கி வெச்சார். பேசின சம்பளம் தராதவரைக்கும் வேலை இல்லைன்னார். யாரையும் சுடல. சுடுறதுக்கான துப்பாக்கியைத் தானே கீழே வெச்சார். அதுதான் அவரோட கலகம்.

ஜனவரியில கோர்ட் மார்ஷல். 1864 பிப்ரவரி 29-ல ஃபுளோரிடாவுல ஜாக்சன்வில்லில் நிக்க வெச்சுச் சுட்டாங்க. அதே ஜூன்ல காங்கிரஸ் சம ஊதியச் சட்டத்தை நிறைவேத்துச்சு. அவர் கேட்டது நியாயம்தான்னு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க நாலு மாசம் லேட்.

பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. துப்பாக்கியைக் கீழே வெச்ச சார்ஜென்ட்டுக்கு மூணு மாசத்துல எல்லாம் முடிஞ்சது. துப்பாக்கியைக் கடன் வாங்கிச் சுட்ட ஜெனரலுக்கு டிவிஷன் திரும்பக் கிடைச்சது. கொலை நடந்து மூணே மாசத்துல, 1862 டிசம்பர் 31-ல ஸ்டோன்ஸ் ரிவர் சண்டையில டேவிஸ் மறுபடி டிவிஷன் தலைவர். 1864 ஆகஸ்ட்ல 14-ஆம் கோர் முழுசும் அவர் கையில. முழு மேஜர் ஜெனரல் பட்டம் மட்டும் கடைசி வரைக்கும் வரல, கௌரவப் பட்டம்தான் கிடைச்சது. "அதுவே பெரிய தண்டனை"ன்னு எழுதுறவங்க இருக்காங்க. ப்ரோமோஷன் வரலைங்கிறது தண்டனைன்னா, நம்ம நாட்டுல பாதி ஊழியர்கள் ஆயுள் கைதிங்க.

படிச்ச படிப்புல ஒரு உதாரணம் சொல்றேன். லாக்ல ஒரு எர்ரர் சிவப்பா கத்திக்கிட்டு இருக்கும். "இப்போ ரிலீஸ் இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்"னு மூடிடுவாங்க. அது அங்கேயே சும்மா உட்கார்ந்திருக்காது. சம்பந்தமே இல்லாத இன்னொரு மாட்யூல்ல, சம்பந்தமே இல்லாத யூசர் தலையில வெடிக்கும்.

அந்த யூசர் யாருன்னு பாருங்க.

1864 டிசம்பர். ஷெர்மனோட படை ஜார்ஜியாவைக் குறுக்கே கடந்து சவானா நகரத்துக்குப் போகுது. ஒரு கோருக்குத் தலைமை டேவிஸ். பின்னாடியே, பண்ணைகளை விட்டு வெளியே வந்த கருப்பின மக்கள் நூத்துக்கணக்கில நடந்து வர்றாங்க. பெண்கள், குழந்தைகள், வயசானவங்க. இந்தப் படை போற பக்கம்தான் விடுதலைன்னு நம்பி வர்றாங்க. டேவிஸுக்கு அவங்க சுமை. டிசம்பர் 9-ல எபனேசர் க்ரீக். மழை வெள்ளமும் குளிரும் சேர்ந்த ஆறு. மிதவைப் பாலம் போட்டுப் படை கடந்தது. மக்களை ஓரமா நிறுத்தி வெச்சாங்க. கடைசிச் சிப்பாய் கடந்ததும் பாலத்தை இழுத்துட்டாங்க.

பின்னாடி வீலரோட தென்படைக் குதிரைவீரர்கள். முன்னாடி ஆறு. பிடிபட்டா மறுபடி அடிமைச் சங்கிலி. மக்கள் தண்ணியில குதிச்சாங்க. அக்கரையில இருந்த சிப்பாய்கள் சிலர் மரக்கட்டைகளை எறிஞ்சு காப்பாத்தப் பார்த்தாங்க. நிறைய பேர் மூழ்கிட்டாங்க. எத்தனை பேர்னு ராணுவம் எண்ணல. இக்கரையில மிச்சமிருந்தவங்க பிடிபட்டாங்க.

டேவிஸோட கோர்லயே இருந்த மேஜர் கானலி கொதிச்சுப் போய் இதை எழுதி வெளியே கொண்டுவந்தார். போர் அமைச்சர் ஸ்டான்டனே ஜனவரியில சவானாவுக்கு வந்தார். டேவிஸைப் பத்திக் கேட்டார். ஷெர்மன் விட்டுக்கொடுக்கல. ராணுவத் தேவைன்னு பதில். விசாரணை? இல்ல. தண்டனை? இல்ல. 1862-ல கேட்ட அதே பாட்டுதான்: போர் நடக்குது, இப்போ வேண்டாம்.

லூயிவில்ல விசாரிச்சிருந்தா எபனேசர் க்ரீக்ல அத்தனை பேரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வேற ஜெனரலும் அதையே பண்ணியிருக்கலாம். ஆனா அந்தப் பாலத்தை இழுக்கச் சொன்ன மனுஷன், ஒரு மேஜர் ஜெனரலைக் கொன்னதுக்கே தன்னை யாரும் கேட்கலைங்கிறதை ரெண்டு வருஷமா அனுபவிச்சு வந்தவர். பேர் கூடப் பதிவாகாத அடிமைப் பெண்களுக்காகத் தன்னை யாராவது கேட்பாங்கன்னு அவர் ஏன் பயப்படணும்?

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இதைப் படிச்சப்போதான் எனக்கு இந்தப் பதிவை எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

1873. கலிஃபோர்னியா-ஆரிகன் எல்லையில மோடாக் பழங்குடி மக்களோட போர். தங்கள் நிலத்தை விட்டு வேற இனத்தோட ஒதுக்கிடத்துக்குப் போக மாட்டோம்னு எரிமலைப் பாறைகளுக்குள்ள ஒளிஞ்சு நின்னாங்க. ஏப்ரல் 11-ல சமாதானப் பேச்சு நடக்கும்போது அவங்க தலைவர் கின்ட்புவாஷ் - வெள்ளையர்கள் வெச்ச பேர் கேப்டன் ஜாக் - ஜெனரல் கான்பியைச் சுட்டுக் கொன்னார். பேச்சுவார்த்தையில சுட்டது தப்புதான், அதுல ரெண்டு பேச்சில்ல.

கான்பி இடத்துக்கு யாரை அனுப்பினாங்க? ஜெஃபர்சன் சி. டேவிஸை.

ஜூன் மாசம் கின்ட்புவாஷ் பிடிபட்டார். டேவிஸ் விசாரணையே இல்லாமத் தூக்குல போடத் தயாரானார். மரம் வெட்டி தூக்குமேடை வேலையே ஆரம்பிச்சாச்சு. வாஷிங்டன் நிறுத்தச் சொன்னதால நிறுத்தினார். அப்புறம் அவரோட உத்தரவுலேயே அஞ்சு அதிகாரிகள் கொண்ட ராணுவக் கமிஷன் அமைஞ்சது. ஜூலை 1-ல கிளாமத் கோட்டையில உட்கார்ந்தது. மோடாக்குகளுக்கு வக்கீல் கிடையாது. ரெண்டே வாரத்துக்குள்ள முடிஞ்சது. ஒரு ஜெனரலைக் கொன்ன குற்றத்துக்கு அக்டோபர் 3-ல கின்ட்புவாஷையும் இன்னும் மூணு பேரையும் தூக்குல போட்டாங்க. ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனைன்னு அல்கட்ராஸுக்கு அனுப்பினாங்க.

அந்தக் கமிஷனுக்கு அதிகாரிகளை விட முடியாதுன்னு யாரும் தந்தி அடிக்கல. டேவிஸ் 1879-ல சிகாகோவுல செத்தார், பணியில இருக்கும் ராணுவ அதிகாரியாவே.

- தகவல் தொழில்நுட்ப அணி